டேல் அண்ணனின் கடைசிப் பறப்பு

லைல்,

ஹார்வி மூன்று மணிக்கு வருகிறார். அடுப்பில் மாட்டிறைச்சி சூப் இருக்கிறது, சுடவைத்துக் கொடு. நான் ஓமஹாவுக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

வியட்நாமில் என் அண்ணன் டேல் சுடப்பட்டு விழுந்த அந்தக் கடைசிப் பறப்பை நீ கம்ப்யூட்டர் விமான விளையாட்டில் அப்படியே ஓட்டியதைப் பார்த்து, "செத்தவன எத்தன தடவதான் சாகடிப்ப?" என்று நேற்று கத்திவிட்டேன். உன் மேல் கோபமில்லை. அன்று அதே விமானத்தின் பின் இருக்கையிலிருந்து குதித்துப் பிழைத்தவர் ஹார்வி. அவர் முகத்தைப் பார்க்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.

அவருக்கு அதைப் போட்டுக் காட்டும்போது, விமானம் தீப்பிடித்ததும் நிறுத்திவிடு. பாவம், அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.

நோரீன்

பி.கு.: கார் வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். அண்ணன் கடைசியாக என்ன சொன்னான் என்று ஹார்வியிடம் கேள். இத்தனை வருஷம் அதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என் மனம் நோகுமென்று அவர் சொல்வதில் எதையும் என்னிடம் மாற்றிச் சொல்லாதே.