ஏரிக்கரை வளைவில் பழைய கோடு

செஞ்சி,
கார்த்திகை 20, சனிக்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு அம்மா மங்கை எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அங்கே குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை விஷ்ணுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் வீடியோவில் பார்த்துப் பேசிக்கொண்டு இருக்கும்போது இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ வேண்டாம்மா என்பாய், உன் குரலைக் கேட்டால் நான் நின்றுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இதைத் திங்கட்கிழமை காலை ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு அப்படியே விழுப்புரம் பஸ் ஏறப் போகிறேன், உன் கையில் கிடைக்கும்போது நடப்பது நடந்து முடிந்திருக்கும். இத்துடன் ஒரு ஜெராக்ஸ் தாள் வைத்திருக்கிறேன், அதைத் தொலைத்துவிடாதே. நைனாவுக்கு முட்டி வலி மழை வந்தால் கூடுகிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறார். கடலைக்கொல்லையில் தண்ணீர் நின்று பாதிச்செடி அழுகிப்போயிற்று. மற்றபடி வீட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் ரோட்டில்தான்.

என் வேலை உனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமாக ரோடு அளந்து எழுதுகிறவள். வருடத்துக்கு ஒருமுறை ஊர் ரோடுகளை நடந்து பார்த்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜனங்கள் கடக்கிற பட்டைக்கோடு, பஜார் ரோட்டின் நடுக்கோடு, திருவண்ணாமலை ரோட்டு ஓரக்கோடு எல்லாம் நன்றாக இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா, அழிந்தே போனதா என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் போதாது. பெயின்டைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது மேலே தூவுகிற கண்ணாடி மணி இருந்தால்தான் இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டுக் கோடு மின்னும். அதனால் இருட்டிய பிறகும் ஒருமுறை போய், டிரைவர் கண் உயரத்தில் டார்ச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டும், அதற்கு ரிஜிஸ்டரில் தனிக் கட்டம் இருக்கிறது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் நான் செய்ததைச் சொல்லும்போது உனக்குப் புரிய வேண்டும்.

ஊர் எல்லையில் மேல்மலையனூர் போகிற வழியில் ஏரிக்கரை இருக்கிறதே, முன்பு ரோடு கரையோடு நேராகப் போகும். போன வருடம் கரை சரிந்ததால் அங்கே ரோட்டை இடதுபக்கம் ஒதுக்கி வளைத்துப் புதிதாகப் போட்டார்கள். பழைய ரோடு இருபது முப்பது அடி நேராகப் போய்ச் சரிந்த இடத்தில் முடிகிறது, அதற்குக் கீழே தண்ணீர். தடுப்புச்சுவர் பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. பழைய கோட்டை மிஷின் வைத்துச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் தேவேந்திரன் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து மூடிவிட்டுப் புது வளைவில் புதுக்கோடு போட்டுவிட்டார். மார்ச் மாதம் நான் பார்க்கப் போனபோது நல்ல உச்சிவெயில், கறுப்பு ரோட்டில் கறுப்புப் பெயின்ட் இருந்ததே தெரியவில்லை, புதுக்கோடு பளிச்சென்று இருந்தது. நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரத்தில் நல்ல மழை. பால் வண்டி ஓட்டுகிற விமல்ராஜ், நம் தெருக்கோடி வீட்டுப்பிள்ளை, வளைவில் திரும்பாமல் நேரே போய் வண்டியோடு ஏரிக்குள் விழுந்துவிட்டான். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். உயிர் பிழைத்தது, இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்துபோயிற்று. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரெல்லாம் பேசியது, பால் கம்பெனிக்காரனும் அதையே சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டான். அவன் பெண்டாட்டி வளர்மதி கைப்பிள்ளையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "யக்கா, நீ ரோட்டு ஆபீஸ்ல இருக்குற, நீயாச்சும் கேளு. எங்கூட்டுக்காரரு மோந்துகூடப் பார்க்க மாட்டாரு. கோடு நேராத்தான் போச்சு, நேராத்தான் போச்சுன்னு ஆஸ்பத்திரில அதையே சொல்லிக்கினு இருக்குறாரு" என்றாள். 

மறுநாளும் மழை. என்னோடு ரோட்டில் வேலை செய்கிற கமலாம்பாளைக் கூட்டிக்கொண்டு ஆறரை மணிக்கு அங்கே போனேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து டார்ச்சை நீட்டினேன். இளவேனி, நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். புதுக்கோடு இல்லவே இல்லை. தண்ணீர் படிந்ததும் மறைந்துவிட்டது, அதில் கண்ணாடி மணி பேருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். பழைய கோட்டின் மேலிருந்த கறுப்பு டயர் பட்டுத் தேய்ந்து, அடியில் இருந்த பழைய மணியெல்லாம் விழித்துக்கொண்டு, நேராக, வெள்ளையாக, ஒரு வளைவும் இல்லாமல் தண்ணீருக்குள் போகிறது. கமலாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, நாமளே வண்டில வந்தா நேராத்தான் வுடுவோம்" என்றாள்.

இப்போது சொல்கிறேன், பெற்ற பிள்ளையிடம் மறைக்க முடியவில்லை. மார்ச்சில் அந்த இருட்டில் பார்க்கிற கட்டத்தில் நான் டிக் அடித்திருந்தேன். பார்க்கவில்லை. கால் வலி, வெயில், வீட்டுக்கு வந்து சோறு வடிக்க வேண்டும், எல்லாரும் இப்படித்தானே அடிக்கிறார்கள் என்று ஆபீசிலேயே உட்கார்ந்து அடித்துவிட்டேன். அன்றைக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை இடுப்பு முறிந்து கிடக்க மாட்டான்.

ரிஜிஸ்டரில் உண்மையை எழுதினேன், பழைய கோட்டை உடனே சுரண்டி எடுக்காவிட்டால் உயிர்ச்சேதம் ஆகும் என்று. எழுதிய கையோடு ஏனோ மனசில் ஒன்று பட்டு பஜாரில் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் சார் ரிஜிஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டார், திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் இல்லை. கிழித்த அடையாளம் கூடத் தெரியாமல் பக்க எண்ணை மாற்றி எழுதியிருந்தார்கள். நானும் கமலாம்பாளும் நாலு தார் டிரம்முக்குச் சுண்ணாம்பு அடித்துச் சிவப்புத் துணி கட்டி அந்த இடத்தில் குறுக்கே வைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் டிரம் இல்லை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசை பஸ்களுக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்டார்களாம். யார் எடுக்கச் சொன்னது என்றால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டினார்கள்.

அந்த வாரமே தேவேந்திரன் வீட்டுக்கு வந்தார். சீப்பு வாழைப்பழமும் பூவுமாக வந்து, கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நைனாவின் முட்டி வலியை விசாரித்தார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் உன் கல்யாணப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு அயர்லாந்துல நர்ஸாமே. தை மாசம் கொழந்தைக்கு மேல்மலையனூர்ல மொட்டை போட வருதாமே. நல்லபடியா வந்துட்டுப் போவட்டும்" என்றார். நீ வருவது நம் குடும்பத்தைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போன பிறகு நைனா அந்தப் பழத்தைத் தொடவில்லை, கதவைச் சாத்திவிட்டு, "வுட்டுடு மங்க. இன்னும் மூணு வருசம், பென்சன் வந்துரும். ஊர்ல இருக்குற கோடெல்லாம் நம்ம தலையிலயா எழுதியிருக்குது" என்றார். நானும் சரி என்றுதான் படுத்தேன்.

கார்த்திகை மூன்றாம் தேதி புதன்கிழமை அமாவாசை. மத்தியானத்திலிருந்தே ராஜகிரி மலை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. திண்டிவனம் பக்கமிருந்து ஸ்பெஷல் பஸ் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது, ஜன்னலெல்லாம் ஜனம். ஐந்தரைக்குத் தூறல் விழுந்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. டார்ச்சையும் சிவப்புத் துணியையும் எடுத்தேன். நைனா குடையை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார், கமலாம்பாளும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் அந்தக் கோட்டின் மேலேயே நின்றோம். துணியை ஆட்டினால் சில பஸ் வேகம் குறைத்துத் திரும்பிற்று, சில டிரைவர்கள் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். ஏழு மணிக்கு மழை கொட்டியது, எதிரில் ஆள் தெரியாது. அப்போது ஒரு பஸ் நல்ல வேகத்தில் நேராக எங்களைப் பார்த்து வந்தது. நான் கத்தினேன், அது மழையில் எனக்கே கேட்கவில்லை. நைனா என் தோளைப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளினார், அவரும் விழுந்தார், கமலாம்பாள் ஓரத்துக்கு ஓடிவிட்டாள். பிரேக் அடிக்கிற சத்தம், பஸ் நெடுக உரசிக்கொண்டு போய், முன்சக்கரம் ஒன்று தாரைவிட்டு இறங்கி, மண்ணில் புதைந்து நின்றது. அதற்கப்பால் நாலடியில் தண்ணீர்.

டிரைவர் இறங்கி வந்தார். கோபமெல்லாம் இல்லை, குழந்தைபோலக் கேட்டார், "யம்மா, கோடு இங்கதான போவுது? நா கோட்டப் பார்த்துதான வந்தேன்?" என்று. அறுபது பேருக்கு மேல் இறங்கினார்கள், எலுமிச்சம்பழ மாலையும் கையுமாகப் பெண்கள், தூங்கி வழிகிற பிள்ளைகள். பஸ் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சத்தில் கோடு தெளிவாக மின்னியது. அதில் ஒரு பெண்மணி, என் வயசுதான் இருக்கும், கொஞ்ச நேரம் உற்றுப்பார்த்துவிட்டு, "இன்னாமா இது, ரோடு தண்ணிக்குள்ள போவுது" என்றாள்.  குழந்தையைத் தோளில் போட்டிருந்தவர்கள் எல்லாரும் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். கடைசி பஸ் போகிறவரை அந்த டிரைவரும் எங்களோடு நின்று கைகாட்டினார்.

மறுநாள் இன்ஜினியர் சார் கூப்பிட்டனுப்பினார். டிரைவர் கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது என்றார். அனுமதி இல்லாமல் ரோட்டில் நின்று போக்குவரத்தைத் தடுத்ததாக எனக்கு மெமோ. பழைய கோட்டைச் சுரண்டுவதற்கு மிஷின் கேட்டிருக்கிறோம், மார்கழி கழித்து வரும் என்றார். நான் எழுதிய பக்கம் எங்கே என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எந்தப் பக்கம்மா? ரிஜிஸ்டர்ல மார்ச் மாசத்துல நல்லா இருக்குதுன்னு உங்க கையெழுத்து இருக்குது. ராத்திரி பார்த்தேன்னு நீங்கதான் டிக் போட்டிருக்கீங்க. யாராச்சும் செத்தா மொதல்ல உள்ள போறது நீங்கதான், யோசிச்சுக்கோங்க" என்றார். அன்றிலிருந்து ஏரிக்கரை என் பார்வையில் இல்லை, என்னை வேறு ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த அமாவாசைக்குப் பதிமூன்று நாள் இருக்கிறது. வானிலையில் மறுபடி மழை என்கிறார்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். விமல்ராஜ் சுவரைப் பார்த்தபடி கிடந்தான், வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லையாம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், கறுப்புப் பெயின்ட், மார்ச் மாத டிக், கிழித்த பக்கம், ஒன்றையும் விடவில்லை. என்னைத் திட்டுவான், வளர்மதி மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.  அவன் தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "அப்போ நா சரியாத்தான் ஓட்டுனேனாக்கா?" என்றான். ஆமாம்பா, நீ சரியாகத்தான் ஓட்டினாய் என்றேன். அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். அந்த ஒன்றை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான், வேறொன்றும் கேட்கவில்லை.

அதனால் திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவன் சரியாக ஓட்டினான் என்பதை முதலில் எழுதியிருக்கிறேன், அந்தக் கட்டத்தில் நான் பொய்யாக டிக் அடித்தேன் என்பதை அடுத்து. ஜெராக்ஸ் ஒன்று மனுவோடு, ஒன்று கமலாம்பாளிடம், ஒன்று உன்னிடம். வேலை போகலாம், பென்சனும் நின்றுபோகலாம், கேஸும் போடலாம். நைனாவிடம் இன்று காலை மனுவைப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுப்புரத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி, வெளுத்த வேட்டியை எடுத்து வைத்திருக்கிறார்.

நீ பதறி டிக்கெட்டை மாற்றாதே. தையில் வந்தால் பகலில் வந்து சேர்கிற மாதிரி பார், மொட்டை போட வேறு ஒரு நாள் பார்க்கலாம், அமாவாசையும் வேண்டாம் அந்த ரோடும் வேண்டாம், டிரைவர் எவ்வளவு பழகினவர் என்று சொன்னாலும் ஏறாதே. யார் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டாலும் தேதி சொல்லாதே. குழந்தைக்குக் காதில் குளிர் ஏறாமல் குல்லாய் போடு. டியூட்டி முடிந்து பட்டினியாகப் படுக்காதே, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், பயம் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அம்மா நெஞ்சார வாழ்த்துகிறேன். ஜெராக்ஸ் கிடைத்ததும், கிடைத்தது என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு, வேறெதுவும் போனில் பேச வேண்டாம்.

இதை எழுதி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரையில் இப்போது நிற்க ஆள் இல்லை. நைனா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், டார்ச்சையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு நானும் கிளம்புகிறேன்.

உன் அம்மா,
தே. மங்கை