முதலாளி கொடுத்த வண்டி

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு மறுபடியும் உடம்பு சரியில்லை. வாசலில் நிற்கும் அந்தக் கறுப்புக் காருக்கு அம்மா வைத்த பெயர் அது. ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வீட்டோடு மாப்பிள்ளை.

காலையில் பார்த்தால் முன்பக்கம் தரையோடு படுத்திருக்கிறது. இந்த மாதிரிப் பெரிய கார்களில் இரும்புச் சுருள் கிடையாது. காற்றடைத்த பைகள்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகின்றன. அதில் ஒன்று ஓட்டை. மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணை மட்டும் மாத்தினா இன்னொண்ணு கோவிச்சுக்கும் தங்கச்சி. ஜோடியா மாத்திடுங்க."

விலை கேட்டேன். என்னுடைய நான்கு மாதச் சம்பளம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்கக் குழாய்களில் பெயரும் தேதியும் ஒட்டினால் நான்கு மாதம்.

அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படுத்துக் கிடப்பதைப் போய்த் துடைக்கிறார்!

ஜனவரி 11

கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

அப்பா பத்தொன்பது வருடம் முதலாளிக்கு டிரைவர். வேலையை விட்டு அனுப்பும்போது சேவைக்காலத்துக்கு ஒரு தொகை தர வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பதிலாகச் சாவியைக் கையில் வைத்தார் அந்த மனிதர். "இத்தனை வருஷம் நீ ஓட்டின வண்டி. இனிமே உன்னுது. வாடகைக்கு ஓட்டிப் பொழைச்சுக்கோ." அப்பா அழுதுவிட்டார். நன்றியில்! நானும்தான் இனிப்பு வாங்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. பதிவுச் சான்று இன்னும் கம்பெனி பேரில்தான் இருக்கிறது. கேட்டால், "அடுத்த மாசம் மாத்திக்கலாம்." பேர் மாறாததால் விற்க முடியவில்லை. வாடகை உரிமமும் கிடைக்கவில்லை. பேர் அவருக்கு, செலவு எங்களுக்கு.

எப்படிப்பட்ட செலவு! சாதாரண வண்டிக்கு மூன்று லிட்டர் எஞ்சின் ஆயில் என்றால் இதற்கு எட்டு, அதுவும் அதற்கென்று இருக்கும் தனி ஆயில். முகப்பு விளக்குக்குள் ஈரம் புகுந்தால் பல்பை மாற்றினால் போதாது, மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். புது பேட்டரி போட்டால் அதை வண்டிக்கு அறிமுகப்படுத்தி வைக்க ஒரு கம்ப்யூட்டர்காரர் வரவேண்டும், பெண் பார்க்க வருவதுபோல. நகராமல் நின்றாலும் வருடத்துக்கு ஒரு காப்பீடு. அம்மாவின் இரண்டு வளையல் டயராகிவிட்டது. நான் சேரவிருந்த ஆய்வகப் பயிற்சிக்கான பணம் பிரேக் தட்டாகிவிட்டது.

அவர் நாசமாகப் போக வேண்டும். எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மாட்டேன்.

ஜனவரி 12

அப்பா கடன் வாங்கிக் காற்றுப் பையை மாற்றிவிட்டார். ஜோடியாக.

ஜனவரி 30

இன்று ஒன்று கண்ணில் பட்டது.

அப்பாவுக்கு ஒரு டிரைவர் பழக்கம் உண்டு. மாதக் கடைசியில் வண்டிக்கான எல்லா பில்லையும் தேதிவாரியாக அடுக்கிக் கம்பெனியில் கொடுப்பார். வேலையில் இருந்தபோது பழகியது. வண்டி "அவருடையதான" பிறகும் விடவில்லை. பேர் மாற்றுவதற்கு ரெக்கார்டு வேண்டும் என்று கம்பெனியிலிருந்து போனில் சொன்னார்களாம். மூட்டு வலியால் அவரால் போக முடியாததால் இந்த மாதம் நான் போனேன்.

கணக்கு எழுதும் அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். பில்களை வாங்கினாள், ஒரு வவுச்சர் எழுதினாள், சீல் குத்தினாள், என்னிடம் நீட்டினாள். "அப்பாவுக்குப் பதிலா நீ கையெழுத்துப் போடும்மா. அடிக்கட்டை உங்களுக்கு."

குழாயில் ஒட்டும் முன் ஒவ்வொரு சீட்டையும் வாசிப்பது என் தொழில். இதையும் வாசித்தேன். 'ஓட்டுநருக்கு வாகனப் பராமரிப்புச் செலவு ரொக்கமாக வழங்கப்பட்டது.'

"யாருக்குக்கா வழங்கினீங்க?"

அவள் நிமிரவில்லை. "அது சும்மா எழுதறதும்மா. மேல இருந்து அப்படித்தான் எழுதச் சொல்றாங்க."

கையெழுத்துப் போடாமல் அடிக்கட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, நாங்கள் வளையல் விற்றுப் போட்ட டயரை அவர் தன் கம்பெனிச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். வண்டியைக் கொடுத்தும் சம்பாதித்திருக்கிறார். அடப்பாவி!

ஜனவரி 31

பீரோவுக்கு மேல் ஒரு பிஸ்கட் டப்பா. அப்பா வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த அடிக்கட்டைகள், இன்றைக்கு இருபத்தாறு, அதில் இருந்தன, மாதவாரியாக, ரப்பர் பேண்டு போட்டு. எல்லாவற்றிலும் அப்பா 'ஓட்டுநர்'. அதாவது இந்த இரண்டு வருடமும் கம்பெனிக் கணக்குப்படி அவர் வேலையில் இருக்கிறார். வேலையில் இருந்தால் சம்பளம் எங்கே? வேலையில் இல்லை என்றால் இந்தச் சீட்டு எல்லாம் பொய். எந்தப் பக்கம் குதித்தாலும் முதலாளியின் கால் உடையும்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2

"வேண்டாம்மா. உப்பைத் தின்னிருக்கோம்," என்றார் அப்பா.

"உப்பை அவர் தின்னாருப்பா. தண்ணியை நாமதான் குடிக்கறோம்."

அம்மா அடுப்படியிலிருந்து, "விடுங்களேன் அவளை! மாப்பிள்ளைக்குச் சீர் செஞ்சது போதும்," என்றாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

பிப்ரவரி 10

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. கீழே அப்பாவின் கையெழுத்து. பேனாவை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

மார்ச் 4

விசாரணை. சின்ன அறை, ஒரு மின்விசிறி, எட்டு நாற்காலி. முதலாளி ஒரு வக்கீலோடு வந்தார். அவரைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"நான் ஆசையாக் கொடுத்த பரிசுங்க அது," என்றார் முதலாளி.

விசாரித்த அதிகாரி அம்மாள் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பரிசா கொடுத்துட்டு ஏன் சார் மாசாமாசம் பில்லு வாங்கினீங்க?"

அந்த முகம்! அதைப் பார்ப்பதற்கு இன்னும் இரண்டு செட் டயர்கூட வாங்கிப் போட்டிருப்பேன். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தண்ணீர் குடித்தார்.

பிறகு அந்த அம்மாள், "இந்தச் சீல் யார் வச்சது?" என்று கேட்டார். முதலாளி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கணக்கு எழுதறவங்க. எல்லாம் அவங்க கையெழுத்துதான். என் கண்ணு முன்னாடியே வச்சாங்க." மேலிடத்து உத்தரவு என்று அவள் சொன்னதை நான் சொல்லவில்லை. தோன்றவில்லையா? தோன்றியது. அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபத்தாறு மாதம் நிமிராமல் சீல் குத்தியவள்தானே! அவளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்றிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, தப்ப வழி தெரிந்தவர்போல.

மார்ச் 20

சமரசம். சேவைக்காலத் தொகை முழுவதும், அதோடு பில் தொகை எல்லாமும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைப் பற்றி இனி யாரிடமும் பேசவோ எழுதித் தரவோ கூடாது, மீறினால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி. போட்டுத் தொலையட்டும். அப்பா கையெழுத்திட்டார்.

மார்ச் 23

இன்று மாப்பிள்ளையை அவன் வீட்டுக்கே அனுப்பினோம். இந்த முறை பின்பக்கப் பை போய்விட்டது. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் கூடவே போனேன். கம்பெனி வாசலில் இறக்கியதும் பின்பக்கம் புஸ்ஸென்று தரையில் அமர்ந்துவிட்டது. முதலாளியின் புதுக் கார் உள்ளே போக வழியில்லை. காவலாளி தள்ளிப் பார்த்தார், அசையவில்லை.

முதலாளி கண்ணாடியை இறக்கினார். "என்ன இது?"

"உங்க பரிசுங்க. ஜோடியா மாத்தணுமாம்," என்றேன்.

வீடு வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் சிரித்தேன்.

ஏப்ரல் 2

வாசல் காலியாக இருக்கிறது. அம்மா துணி காயப்போட்டிருக்கிறாள். கடன் அடைந்தது. ஆய்வகப் பயிற்சிக்குப் பணம் கட்டியாயிற்று.

ஏப்ரல் 6

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். கணக்கு அக்கா. கண்ணாடித் தடுப்பு இல்லாமல் பார்த்தால் ரொம்பச் சின்ன உருவம்.

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அதோடு விடவில்லை. பொய் வவுச்சர் எழுதி அந்தப் பணத்தை அவளே எடுத்துக்கொண்டாள் என்று புகார் கொடுக்கப் போகிறார்களாம். விசாரணையில் அப்படித்தானே பதிவாகியிருக்கிறது என்கிறாராம் முதலாளி. பதிவானது என் வாயால்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். "அண்ணா, பில்லு கேட்டது அவர்தான்னு உங்களுக்குத் தெரியும். போன்லயே பேசினாரே. அதை மட்டும் ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா? கஷ்டம்னா வேண்டாம். அந்த ஒப்பந்தத்தையும் நான்தான் டைப் பண்ணேன். எழுதித் தரக் கூடாதுங்கற வரி எனக்குத் தெரியும்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினாள்.

"உக்காரும்மா," என்றார் அப்பா.

அம்மாதான் வாய் திறந்தாள். "பணத்தைத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது?"

"கேக்கட்டும்."

"பாதி செலவாயிடுச்சுங்க!"

"கேக்கட்டும்னு சொன்னேன்ல?" அப்பா அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுல சொன்னதுல பாதியைத்தான் அங்க சொன்னே. மீதியை நீ எழுது. நடந்ததை நான் எழுதறேன்."

இரண்டு தாள் எடுத்து வந்தேன். அப்பா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசையில் குனிந்தார். தேதி எழுதினார். தன் பெயர் எழுதினார். அப்புறம் பேனா நின்றுவிட்டது.

"முதலாளின்னு எழுதவா, பேரை எழுதவா?"

இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பெயரை உச்சரித்து இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பேரை எழுதுங்கப்பா," என்றேன்.

எழுதினார். வெறும் பெயர், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் போடாமல்.