பார்க்காத பெனால்ரி

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் கண் ஒப்பரேசன் புண் ஆறிவிட்டதா? ரீவீ இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறதா?

"கிட்ட நிண்டு பாத்தனிதானே, வடிவாச் சொல்லு" என்று அந்த உதைபந்தாட்டத்தைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். முதல் ஆட்டத்தில் எதிரணியின் ஊருக்குப் போய் 2-1 தோற்ற லண்டன் அணி, இங்கே 1-0 வென்றது; மொத்தம் 2-2. சமநிலையில் வெளியூர்க் கோலுக்கு முன்னுரிமை என்று நீங்கள் சொல்லும் விதியை ஐரோப்பியக் கிண்ணத்தில் எடுத்துவிட்டார்கள். அதனால் மேலதிக நேரம், பிறகு பெனால்ரி.

இதெல்லாம் கேட்டறிந்தது, அப்பா. மைதானத்துக்கு முதுகைக் கொடுத்து, சனத்தைப் பார்த்தபடி காவல் நிற்பதுதான் என் வேலை. திரும்ப ஏலாது. கடைசிப் பெனால்ரிக்கு முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களின் முகங்களிலேயே தோல்வி தெரிந்தது.

தங்கச்சி றஜீனாவை அந்தக் கடைசிப் பெனால்ரியின் வீடியோவைப் போட்டுப் பார்த்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கோ. பிறகு பந்து எந்தப் பக்கம் போனதென்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ. போனில் நானே பார்க்கலாம்தான். நீங்கள் சொன்னால்தான் பார்த்தமாதிரி இருக்கும்.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

உங்கள் மகன்,
கொட்வின்
குட்மேய்ஸ், லண்டன்