கபடிக்குக் கூரை, நெல்லுக்கு வானம்

நன்னிலம் பக்கம்,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜெயபாரதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அவருடைய வலது முட்டியைத் தவிர, நலம். அங்கே டப்ளினில் நீயும், கொட்டிக்கொண்டிருந்த உன் தலைமுடியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினம் வீடியோவில் பார்க்கிறோமே, இவளுக்கென்ன திடீரென்று தபால் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று சொல்லிப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினாலும் என் போனை முதலில் படிப்பவர் அவர்தான். நான் சொல்லப்போகிறதில் பாதி அவருக்குத் தெரியக்கூடாது. முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அங்கே பேச்சுத்துணை கிடைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் ஊருக்கு ஸ்டேடியம் வருகிறது என்று அவர் உன்னிடம் சொன்னாரே, அந்தக் கதையின் மீதியைக் கேள். பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சநதம் அதற்கு உள்விளையாட்டு அரங்கம் என்று பேர் வைத்து, அரசாங்கப் பணம் கொஞ்சம் பஞ்சாயத்துப் பணம் கொஞ்சம் என்று போட்டு, மேலே கூரையெல்லாம் வைத்துக் கபடிக்குக் கட்டப்போகிறார். எங்கே கட்டுகிறாராம் தெரியுமா, கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் நாமெல்லாரும் நெல்லைக் கொட்டிக் காய வைக்கிற பொதுக்களத்தில். வேறு இடமே இல்லையா என்று கேட்டால் மேடான இடம் அது ஒன்றுதான் என்கிறார். மேடான இடம் என்றுதானே ஐயா நாங்களும் அங்கே நெல்லைக் கொட்டுகிறோம். விழாக்குழுவுக்குத் தலைவர் யார் என்கிறாய், உன் அப்பாவேதான். பார்வையாளர் உட்காருகிற மாடத்துக்கு சிங்காரவேலு மாடம் என்று பேர் வைத்துக் கல்வெட்டும் பதிப்போம் என்று பஞ்சநதம் சொன்னதிலிருந்து மனுஷன் நடையே மாறிப்போய்விட்டது. அந்தக் காலத்தில் இவர் கபடி பாடிப் போனால் எதிரணியில் பாதிப் பேர் படுத்துவிடுவார்களாம், இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுப்பிவிட நான் போக வேண்டும்.

உனக்கு அம்சத்தைத் தெரியும், மேலத்தெருவில் இருந்து வந்து நம் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி பண்ணுகிறாளே, அவள்தான். போன குறுவைக்கு அவள் நெல் களத்தில் கொள்முதலுக்காகக் காத்துக் கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய்க்குள்ளேயே முளைத்துவிட்டது. ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள், வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தாள். இந்த வருஷமும் இப்படி ஆனால் நிலத்தை வேறு ஆளிடம் விட்டுவிடுவேன் என்று தஞ்சாவூரில் இருக்கிற நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவள் ஒருநாள் நம் வாசலில் நின்று, “ஏங்க்கா, களத்துக்குக் கூரை போடுங்கன்னா காசு இல்லேங்கிறாங்க, கபடிக்குப் போட மட்டும் எங்கேருந்துக்கா வருது?” என்று கேட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியும். அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். பொதுப் பணத்தில் அரங்கம் வேண்டாம், அந்தப் பணத்தில் களத்துக்குக் கூரை போடுங்கள் என்று நறுக்கென்று எழுதி, முதல் கையெழுத்து நான், இரண்டாவது அம்சம்.

கையெழுத்து வாங்குவது நெல் நடுவதைவிடக் கஷ்டம்டி. நூறு நாள் வேலை நடக்கிற வாய்க்கால் கரைக்குப் போனேன், பெண்கள் எல்லாரும் போடுகிறேன் என்றார்கள். ஆனால் புருஷன் பேர் எழுத வேண்டிய இடம் வந்ததும் ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. ரெங்கம்மாள், “தேர்ல வருவாரே நம்ம ஆரூர் சாமி, அவரு பேருதான், எழுதிக்கங்க” என்றாள், தியாகராஜன் என்று எழுதினேன். இன்னொருத்தி வானத்தைக் காட்டினாள், சூரியமூர்த்தியா சந்திரனா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், கடைசியில் அவள் மருமகள் வந்து மேகநாதன் என்று சொல்லிக் காப்பாற்றினாள். சிரிக்காதே, நானும் உன் அப்பா பேரை எழுதுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. எங்களுக்குப் போட்டியாக உன் அப்பா குழு டீக்கடையில் உட்கார்ந்து, அரங்கம் வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வடை கொடுத்தது. டீக்கடை ஜெக்கரியா பாய் இரண்டிலும் போட்டார். கேட்டதற்கு, “அங்க வடை நல்லா ஓடுதும்மா, அதனால அங்க போட்டேன். நெல்லு வித்தாத்தானே சனம் நாளைக்கும் வடை திங்கும், அதனால இங்கயும் போடுறேன்” என்றார். அவரை என்ன சொல்வது.

வீட்டில் நடந்த கூத்தைக் கேட்டால் நீ டிக்கெட் போட்டு வந்திருப்பாய். கையெழுத்து வாங்கப் போகக் கூடாதென்று அவர் என் மூக்குக் கண்ணாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார், நான் அவர் முட்டித் தைலத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். எதிர்க்கட்சியை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோறு போடுகிறேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சோறு போடுவது யார் என்று நான் கேட்கவில்லை, ரசத்தை இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளும்போது மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பேன், அவர் சுவரைப் பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை களத்தில் கபடி ஆடிக் காட்டுவது, பெரிய அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்த்துச் சரி சொல்வது என்று ஏற்பாடு. சனிக்கிழமையே சுண்ணாம்பில் கோடு போட்டு, ஓரத்தில் விருந்தாளிகளுக்குத் தகரப் பந்தலும் போட்டாயிற்று. அறுப்பு மெஷின்காரன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றவன் ஞாயிறு காலையிலேயே அம்சத்தின் வயலில் இறங்கிவிட்டான். டிராக்டரில் நெல் வந்துவிட்டது, கொட்ட வேறு இடம் ஏது, கோட்டுக்கு நடுவிலேயே கொட்டிவிட்டாள். பஞ்சநதம் ஆள் வைத்து வாரச் சொல்லப்போகிறார் என்று சேதி வந்தது. இப்போது உனக்கு மட்டும் சொல்கிறேன், நான் தொழுவத்துப் பக்கம் போய் ஒரு பிடி பசுஞ்சாணம் எடுத்துக்கொண்டு, வரப்பில் அருகம்புல் கிள்ளிக்கொண்டு, பின்பக்கமாகக் களத்துக்குப் போய்ப் பிள்ளையார் பிடித்துக் குவியல் உச்சியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் பிள்ளையார் உட்கார்ந்த நெல்லைப் படையல் போடாமல் எவன் தொடுவான்? கபடிப் பிள்ளைகள் பனியனும் டவுசருமாக வந்தவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்களாம். பஞ்சநதம், “எடுங்கடா, சாணிதானே” என்று கத்த, “நீங்களே எடுங்க தலைவரே” என்று ஒருவன் சொல்ல, அவரும் கன்னத்தில்தான் போட்டுக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது உன் அப்பா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைத்தான் முதலில் பார்த்தார், நல்லவேளை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் வந்தது, பாவம் அவரும் நம் பக்கத்துக்காரர்தானாம், அவரும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவருக்கு மாலை போட்டு முடிக்கவில்லை, மேற்கே இடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் வானம் கருகருவென்று இறங்கி வருகிறது. சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு நின்றுபோனது ஜெயா. அம்சம் ஒரே ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு குவியலைச் சுற்றி ஓடுகிறாள், ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கிறது, அவள் அழவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்து நெல்லை அங்கேயே நிறுத்தியவள் நான்தானே. அப்போது உன் அப்பா விசிலை ஊதினார். “டேய், என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, முளைச்சுப்போனா அவளுக்கு நெலம் போயிருமில்ல, பந்தலுக்குள்ள அள்ளுங்கடா” என்று ஒரு சத்தம் போட்டார் பார், அந்தக் காலத்தில் பாடிப்போன குரல் இதுதானோ என்று நினைத்தேன். நாற்காலியெல்லாம் வெளியே பறந்தது. பிள்ளையாரை மட்டும் யாரும் தொடவில்லை, இவரே போய்க் கும்பிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ச் சிறப்பு விருந்தினருக்குப் போட்டிருந்த பட்டுத்துணி நாற்காலியில் வைத்தார். அதிகாரி மழையில் மாலையோடு நின்றார். கபடிப் பிள்ளைகள் கூடையில், சாக்கில், பனியனைக் கழற்றி அதில்கூட அள்ளினார்கள். உன் அப்பா அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஈரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து கையால் வாரி வாரிக் கொடுத்தார். பெரிய மழை பிடிக்கும்போது அடியில் கொஞ்சம் நனைந்ததைத் தவிர அத்தனையும் தகரத்துக்குக் கீழே வந்துவிட்டது. “இங்கதானா சார் ஸ்டேடியம்?” என்று அதிகாரி நனைந்துகொண்டே கேட்டார். பஞ்சநதம் வாயைத் திறக்குமுன் உன் அப்பா, “கூரை போடுங்க சார், கீழ நெல்லு காயட்டும். நெல்லு இல்லாத நாள்ல புள்ளைங்க ஆடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

பஞ்சநதம் அத்தோடு இவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார், மாடமும் போயிற்று, கல்வெட்டும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் இவர் மனுவைக் கேட்டார். கையெழுத்துப் போடுவார் என்று பார்த்தால், நெல் இல்லாத நாளில் கபடி என்று ஒரு வரி சேர்த்தால்தான் போடுவேன் என்கிறார். ஊரே போட்ட பிறகு வரி சேர்த்தால் அது மோசடி என்றேன், சரி புதுசாக வாங்குவோம் என்றார். அப்புறம் என்ன, முதலிலிருந்து வீடு வீடாகப் போனோம், நான் முன்னால், அவர் நொண்டிக்கொண்டு பின்னால், ஜெக்கரியா பாய் இந்தத் தடவை எங்களுக்கே வடை கொடுத்தார். திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் அம்சத்தின் நெல்லைப் பந்தல்காரர் தகரத்தைப் பிரிக்காமல் விட்டுவைத்ததால் நன்றாகக் காய்ந்து நேற்று எடை போட்டாயிற்று, ஈரம் சரியாக இருக்கிறது என்றார்கள், அடுத்த வருஷமும் நீயே பார் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டியூட்டி முடிந்து வந்து வெறும் பிரட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, புளிக்காய்ச்சல் போட்டு அனுப்பியிருக்கிறேன், சோறு வடிக்கச் சோம்பல் படாதே. கூட வேலை பார்க்கிற அந்தப் பையனைப் பற்றி நீ பேச்சுவாக்கில் அடிக்கடி சொல்கிறாய், அம்மா காது கேட்காதவள் இல்லை, நேரம் வரும்போது நீயே சொல்லு. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் கொடுக்க மாரியம்மன் துணை இருப்பாள்.

முக்கியமாக ஒன்று. இந்தத் தபால் கிடைத்த பிறகு போனில் வந்தால் கல்வெட்டைப் பற்றி அப்பாவிடம் வாயைத் திறக்காதே, பழைய கபடிக் கதையைக் கேள், கேட்ட கதைதான் என்றாலும் நடுவில் வெட்டாதே. முந்தாநாள் தைலம் தேய்க்கும்போது, “எனக்கு ஆசைதான் ஈஸ்வரி, நான் இல்லாத காலத்துலயும் எவனாவது அந்தப் பேரைப் படிப்பான்னு நெனச்சேன்” என்றார். நான், “ஆமா, பெரிய பேரு” என்று சொல்லிவிட்டு முட்டியை அழுத்தித் தேய்த்தேன். அவர் பேரைக் கல்லில் பார்க்க எனக்கும்தான் ஆசையாக இருந்ததடி, அவரைவிட எனக்குத்தான் அதிகம். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. ஈஸ்வரி
(மனுதாரர்)