கண் திறந்தபடி தூங்கியவள்

மண்ணறையில் உறங்கும் என் மகள் ரிஸ்னாவுக்கு, உன் உம்மாவின் ஸலாம்.

உன் மகள் ஹனா நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் இதை நானேதான் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் மற்ற உம்மம்மாமாரும் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

போன வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு கோழியைத் துரத்திப் போனவள் தகர வேலியில் காலைக் கிழித்துக்கொண்டாள். கெண்டைக்கால் வாய் பிளந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மயக்கித் தைப்பம் உம்மா. புள்ளைக்கு நோவு தெரியாது," என்றார் டொக்டர்.

"வேணாம் டொக்டர். நாலு பேர் புடிங்க, தைங்க. இவள்ட உம்மாவையும் பேறுக்கு மயக்கித்தான் கொண்டு போனாங்க. எழும்பவே இல்ல."

உன்னைக் கொண்டுபோனது ரத்தப்போக்கு என்று எனக்கும் சொன்னார்கள்தான். மனம் நம்பியதா, சொல்லு?

காயத்தைக் கழுவும்போதே அவள் துடித்த துடிப்பு! அமுக்கிப் பிடித்திருந்தவள் நான். "உடுங்க உம்மம்மா, உடுங்க" என்று என் கையைக் கடித்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவளுடைய வாப்பா கட்டாரில். மயக்க மருந்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் நான்தான். தாதி என் பெருவிரலுக்கு மை நீட்டினாள். "பேனையத் தாங்க மிஸ்ஸி, எனக்கு எழுத்துத் தெரியும்," என்று கையெழுத்து வைத்தேன்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அழுகை அறுந்தது. ஆனால் கண் மூடவில்லை, மகள். அகலத் திறந்தபடி, கண்மணிகள் மட்டும் இடமும் வலமும் மெல்ல ஆடின. தையல் ஊசி தோலில் ஏறி இறங்கியது. அவள் முகம் சுளிக்கவில்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அவள் கண்ணுக்கு நான் தெரியவில்லை.

அந்தப் பார்வையை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன், உன் முகத்தில். அன்று உன் கண்ணை மூடியவளும் நான்தான்.

மௌத்து வேளையில் ஓதும் கலிமாவை வாய் தொடங்கிவிட்டது. விரல்கள் தாமாகவே போய் அவள் இமையை இழுத்தன.

"உம்மம்மா! என்ன செய்றீங்க?" தாதி என் கையைப் பிடித்தாள். "புள்ள மூச்சு உடுறா, இஞ்ச பாருங்க மெஷின. இந்த மருந்துக்குக் கண் தொறந்துதான் இரிக்கும். டொக்டர் முதலே சொன்னாரே, கேக்கல்லியா?"

சொல்லியிருப்பார். யார் காதில் ஏறியது?

அப்போதுதான் அவள் சிரித்தாள். என்னைப் பார்த்தல்ல, என் தோளுக்குப் பின்னால், திரைச்சீலைப் பக்கம். "உம்மா," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து செய்கிற வேலை என்றாள் தாதி. மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்று எனக்கும் தெரியும். பின்னே ஏன் நான் திரும்பவில்லை?

கொஞ்சம் கழித்து அவள் கண் என்மேல் வந்து நின்றது.

"எப்ப உம்மம்மா தைப்பாங்க?"

தைத்து, துணி சுற்றி, எல்லாம் முடிந்திருந்தது.

"ஆரக் கண்ட, கிளி?"

"பசிக்குது," என்றாள்.

வந்தது நீதான் என்றால் ஒன்று கேட்கிறேன், மகள். பார்த்துவிட்டுப் போ, அவளை உன்னோடு கூப்பிட்டுவிடாதே. இன்னொரு தரம் இப்படிக் காயம் வந்தாலும் அவளை நோவில் துடிக்க விடமாட்டேன், கையெழுத்து வைப்பேன். அவள் கண் எங்கே போனாலும் போகட்டும், நான் மூடமாட்டேன். கையை மட்டும் விடமாட்டேன்.

உன்னைப் பெற்ற, அவளை உனக்காக வளர்க்கிற,
உம்மா