அரைப் போத்தல் ஊறுகாய்

பல்லேகல,
திங்கள் காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? போனில் என் குரலைக் கேட்டால் பயந்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சூப்பர்வைசர் ஆனபோது நீங்கள் கண்டியில் வாங்கித் தந்த தலைமைத்துவப் புத்தகம் போன வாரம் உதவியது. ஃபெக்டரிக்கு ஆர்டர் குறைந்ததால், என் தையல் லைனில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த என்னிடமே பெயர் கேட்டார்கள். தலைவர் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதனால் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கலாராணியின் பெயரைக் கொடுத்தேன். புத்தகத்தில் உள்ளபடியே தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், அழாமல் சொன்னேன். மேனேஜர்கூடப் பாராட்டினார்.

அவள், "ஒன் சோறும் என் பையிலதான் இருக்குடி. இரு, எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அதற்கு என்ன பதில் சொல்வதென்று புத்தகத்தில் இல்லை, அப்பா.

அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டாள். நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

ஃபெக்டரி வான் வந்துவிட்டது, ஓட வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள், ஊறுகாய் இனி அரைப் போத்தல் போதும்.

உங்கள் மகள்,
தர்ஷினி