கீழே போயிருக்கிறா

மச்சாள்,

இன்று அம்மா கறித்தூள் வறுக்கிறார். செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்ததும் வீடே இருமத் தொடங்கிவிட்டது. அப்பா பின்கதவைத் திறந்துவிட்டுக் குளிரில் நின்று தும்முகிறார். நான் வெறும் கோப்பிப் போத்தல்களைக் கழுவித் துணியில் கவிழ்த்து வைத்தேன். ஒன்று எங்கள் குசினிக்கு. ஒன்று நோர்பரியில் இருக்கும் அண்ணை வீட்டுக்கு. மூன்றாவதை ஏன் கழுவினேன் என்று அம்மா கேட்கவில்லை. அதையும் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, மற்ற இரண்டோடும் வரிசையில் வைத்தார்.

அந்த மூன்றாவது உங்களுடையது. ஒவ்வொரு தவணையும் நீங்கள் படிக்க வடக்கே புறப்படும்போது பெட்டிக்குள் உடுப்புச் சுற்றி வைத்துக் கொண்டுபோவது இப்படி ஒரு போத்தலைத்தான். "மாமி, இந்தத் தூள் இல்லையெண்டா நான் ஒரு பாடமும் பாஸ் பண்ணமாட்டன்" என்று அம்மாவிடம் சொல்வீர்கள். அம்மா அதை உண்மையாகவே நம்பினார்.

அப்பாவின் தங்கை மகளாக யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் லண்டனில் எங்கள் செவன் கிங்ஸ் வீட்டுக்கு வந்தபோது, என் அறையில் உங்களுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். எனக்கு முதல் பிடிக்கவில்லை. பிறகு நீங்கள் இல்லாமல் எனக்கு நித்திரை வராது என்றானது. ஆங்கிலம் உங்களுக்கு ஓடி வந்தது. எனக்கு வகுப்பில் பேர் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துவிடும். பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தீர்கள்.

"வாய் திறக்கேல்லை எண்டதுக்காக ஒரு ஆள் படிப்பை விடுமோடி?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஆட்களின் கடையில் வேலைக்குப் போனேன். பின்னறையில் பருப்பும் மிளகும் நிறுத்துப் பைகளில் போடுகிற வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

உங்களுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. லண்டனில் அல்ல, தூர வடக்கில், எங்கள் ஆட்கள் யாரும் பேர் கேள்விப்படாத ஒரு சின்ன ஊரில். கோயிலில் யாராவது விசாரித்தால் அப்பா கொஞ்சம் கூச்சத்தோடு, "அது சின்னன்தான், ஆனா நல்லது" என்பார்.

"மாமா, நீங்கள் என்ர யூனிவர்சிட்டியைக் கறிவேப்பிலைக் கண்டு மாதிரியெல்லோ சொல்லுறியள்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

ஒருமுறை என்னை அங்கே கூப்பிட்டீர்கள். கோச் பஸ்ஸில் போய் இறங்கினேன். ஊரில் பாதி மாணவர்கள், மீதிப் பாதி மழை. உங்கள் விடுதி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. உங்கள் அறையில் கட்டில், மேசை, ஒரு சின்னக் கைகழுவும் தொட்டி. யன்னல் விளிம்பில் பால் போத்தல், அதுதான் உங்கள் குளிர்ப்பெட்டி. சமைக்க அந்த மாடியில் எல்லாருக்கும் ஒரே குசினி. அதில் ஒரு அலுமாரித் தட்டில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தது, அங்கே நம் தூள் போத்தல். அடுத்த அறை ஜேன் ரொட்டியில் சீஸ் வைத்து அதன்மேல் அந்தத் தூளைத் தூவிச் சாப்பிடுவதைப் பார்த்து நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன்.

"பாவம், விடு. அவவுக்கு ருசி இப்பதான் விளங்குது" என்றீர்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்காகப் பருப்புக்குத் தாளித்தீர்கள். செத்தல் மிளகாய் எண்ணெயில் கறுத்ததும் நெருப்பு மணி அடித்தது. கட்டடம் முழுவதும் புல்வெளிக்கு ஓடிவந்தது. ஒருவன் தலையில் சவர்க்கார நுரையோடு நின்றான். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீங்கள் கரண்டியோடு நின்று எல்லாரிடமும் சொரி, சொரி என்று சொல்லிக்கொண்டே சிரித்தீர்கள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குவது நிற்கவில்லை. சிரிப்பு நின்ற பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது.

பின்னேரம் ஊருக்குள் இறங்கி நடந்தோம். திரும்பி மேடேறும்போது வழியோரம் போட்டிருந்த ஒவ்வொரு மரவாங்கிலும் உட்கார்ந்தீர்கள். "இதில இருந்து பாரடி, என்ன வடிவு." நான் பார்த்தேன். பனிப்புகார் மட்டும்தான். எதிரே நின்ற மரம்கூடத் தெரியவில்லை. அடுத்த வாங்கிலும் வடிவு என்றீர்கள். உங்கள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"மச்சாள், உங்களுக்கு ஏலாமல் இருக்கு."

"சும்மா இரடி. லண்டன்காரிக்கு மேடு தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நானாகப் போய்ச் சொன்ன சில விஷயங்களில் அது ஒன்று. அப்பா உடனே உங்களுக்குப் போன் எடுத்தார். நீங்களும் மறைக்கவில்லை. அங்கே டொக்டரிடம் போனீர்கள், அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சின்ன வயதில் ஊரில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வைப் பழுதாக்கியிருந்ததாம். ஒப்பரேசன் செய்யவேண்டும், முறை வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றார்கள். எல்லாரும் செய்யவேண்டியதைச் செய்தார்கள், மச்சாள். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. யாரையாவது கோபிக்கவாவது ஏலுமாக இருந்திருக்கலாம்.

நீங்கள் வழக்கமாகப் போன் எடுக்கும் ஞாயிறு ஒன்றில் போன் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் போனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கடைசியில் உங்கள் மாடி நடையில் மாட்டியிருந்த பொதுப் போனின் இலக்கத்தைச் சுழற்றினேன். ஜேன் எடுத்தாள். உங்கள் பெயரைச் சொன்னேன், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"ஓ, ஷீஸ் கோன் டவுன்" என்றாள்.

கீழே போயிருக்கிறா. எனக்கு நன்றாக விளங்கியது. கீழே உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். "ஐ வெயிட்" என்றேன். ஜேன் எதையோ வேகமாகச் சொன்னாள், கொஞ்சம் நின்றாள், பிறகு போனைத் தொங்கவிட்டுப் போய்விட்டாள் போல. கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது. யாரோ பாடிக்கொண்டு போனார்கள். நான் எங்கள் மாடிப்படியின் கடைசிப் படியில் குந்தியிருந்து, நீங்கள் தோய்த்த உடுப்போடு மேலே ஏறிவர எவ்வளவு நேரமாகும், மூச்சு வாங்க எத்தனை முறை நிற்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு, காத்திருந்தேன்.

அப்போது வாசல் மணி அடித்தது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் திறந்தேன். பெட்டியோடு நீங்கள் நின்றீர்கள்.

"ஆரோட போனில?"

"உங்களோடதான்" என்றேன்.

விஷயம் விளங்கியதும் நடையிலேயே பெட்டியின்மேல் இருந்து சிரிக்கத் தொடங்கினீர்கள். "எடி விசரி! அங்க படிக்க வாறதை மேல வாறது எண்டுதான் சொல்லுவினம். விட்டிட்டுப் போனா கீழ போறது. நான் கீழ வந்திட்டனடி!" என்றீர்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. படிப்பை ஒரு வருடம் நிறுத்திவைத்து, ஒப்பரேசன் முடித்துக்கொண்டு திரும்பி வரச் சொன்னார்களாம். "பேந்து மேல போவன்தானே. அதுதான் தூள் போத்தலை அங்கயே விட்டிட்டு வந்திட்டன். தட்டில என்ர பேர் இருக்கட்டும்."

பிறகு அதுவே நம் வீட்டுப் பகிடியானது. நான் கடைக்குப் புறப்பட்டால் கட்டிலில் இருந்தபடி, "ஷீஸ் கோன் டவுன்" என்று அம்மாவுக்கு அறிவிப்பீர்கள். உங்கள் பாடப் புத்தகங்களை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சொற்களை நான் கொன்று போடுவேன். நீங்கள் திருத்தமாட்டீர்கள். "வாசி, வாசி. உன்ர குரல் நல்லாயிருக்கு" என்பீர்கள். அப்படி எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது என்றார்கள். அம்மா கோயிலில் அருச்சனை செய்தார். பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கடையில் நான் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணை பின்னறைக்கு வந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தார். ஊரில் உங்கள் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. அப்பா போனுக்கு முன்னால் இருந்தார், சுழற்ற ஒரு இலக்கமும் இல்லாமல்.

ஒரு மாதம் கழித்து ஜேன் போன் எடுத்தாள். நான்தான் எடுத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் போத்தல் இன்னும் அங்கே இருக்கிறதாம், குசினியைத் துப்புரவாக்கப் போகிறார்களாம், அதைப் பத்திரமாக எடுத்து வைக்கட்டுமா என்று உங்களிடம் கேட்கவேண்டுமாம். உங்களோடு கதைக்கலாமா என்றாள்.

எனக்குத் தெரிந்த சொற்களுக்குள் தேடினேன். கையில் அகப்பட்டது ஒன்றுதான்.

"ஷீஸ் கோன் டவுன்" என்றேன்.

இங்கே லண்டனில் ஒரு வீட்டில் அதற்கு என்ன அர்த்தமோ அதைத்தான், மாடியிலிருந்து கீழே இறங்கிப் போயிருப்பதாகத்தான், அவள் எடுத்துக்கொண்டாள், மச்சாள். "பரவாயில்லை, நான் நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சந்தோசமாகச் சொன்னாள்.

நின்றாள். நானும் நின்றேன். போனுக்குள் உங்கள் விடுதி கேட்டது. அதே கதவுகள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், கேத்தல் விசிலடிக்கிறது. எல்லாம் நடந்துகொண்டிருந்தது. வைக்கவும் மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. அவளுடைய காசு முடிகிற 'பீப்' சத்தம் வந்தது. "போத்தலை நான் வைத்திருக்கிறேன் என்று சொல்லு" என்று அவசரமாகச் சொன்னாள். அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னறையில் பருப்பு நிறுக்கும்போது அன்று ஜேனிடம் சொல்லாமல் விட்ட உண்மையை ஒரே வசனமாகப் பழகினேன். ஆங்கிலத்தில் மூன்று சொல்தான். முதலில் சத்தமில்லாமல், பிறகு மெல்லிய குரலில். கடைக்கார அண்ணை ஒருநாள் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஆரோட கதைக்கிறாய்?" என்றார். "ஒருத்தரோடயும் இல்லை அண்ணை" என்றேன். உங்கள் கட்டிலில் இருந்தும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் என் குரலைப் பற்றிச் சொன்னதை நினைத்து நினைத்துச் சொன்னேன். கோடை வந்துவிட்டது. ஒருநாள் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருக்கும்போதே, அவர்கள் பார்க்கும்படியே, போய் இலக்கத்தைச் சுழற்றினேன்.

நீண்ட நேரம் அடித்தது. பழக்கமில்லாத ஒரு பையன் எடுத்தான். ஜேனைக் கேட்டேன், முழு வசனமாக, தடுக்காமல்.

"ஷீஸ் கோன் டவுன்" என்றான்.

அவளுக்குக் கடைசி வருடம். அவளுடைய வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

இந்த முறை எனக்கு விளங்கியது, மச்சாள். நான் காத்திருக்கவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அம்மா மூன்று போத்தலையும் நிரப்பிவிட்டார். மூன்றாவது இன்னும் சூடாக இருக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் ஜேன் உங்களுடைய போத்தலைப் பத்திரமாக வைத்திருப்பாள். உங்களுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சொல்லப் பழகிய மூன்று சொல்லும் என்னிடம் இருக்கின்றன. இப்போது நன்றாகவே சொல்லுவேன். சொல்லத்தான் ஆளில்லை.